அவதானமும் கைப்பேசியும்

ஒரே நேரத்தில் நான்கு காரியங்களைச் செய்யும் பிள்ளையைச் சுட்டி, "எங்கள் பையன் அட்டாவதானி" என்று பெற்றோர் பெருமிதத்துடன் கூறுவதை இந்நாளில் அடிக்கடி கேட்கிறோம். காதில் பாட்டு, கையில் கைப்பேசி, மடியில் பாடநூல், எதிரே தொலைக்காட்சி. நடுநடுவே வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு மறுமொழி. இத்தனையையும் ஒருங்கே நடத்துகிறவன் அட்டாவதானி அல்லாமல் வேறு யார் என்பது அவர்கள் எண்ணம். அவதானக் கலையைச் சிறிதேனும் அறிந்தவர் இதற்கு உடன்படார். அவதானி செய்வதும் அப்பிள்ளை செய்வதும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. அந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், கைப்பேசி காலத்தில் மனத்தை ஒருமுகப்படுத்தும் வழியும் ஓரளவு விளங்கும். ஆதலின் அதனை மெய்யன்பர்கள் முன் விரித்துரைக்க விழைகிறேன்.

அவதானம் என்பது யாது?

அவதானம் வடசொல், கூர்ந்த கவனம் என்று பொருள்படும். தமிழில் இதனைக் கவனகம் என்றும், நிகழ்த்துபவரைக் கவனகர் என்றும் வழங்குவர். எட்டுச் செயல்களை ஏற்று நிகழ்த்துவது அட்டாவதானம். பத்து எனில் தசாவதானம். பதினாறு எனில் சோடசாவதானம். நூறு எனில் சதாவதானம். 'விநோதரசமஞ்சரி' என்னும் உரைநடை நூலை இயற்றிய வீராசாமி செட்டியாரின் பெயருக்கு முன்னே 'அட்டாவதானம்' என்பது நிலைத்துவிட்டது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கருள் ஒருவர் சோடசாவதானம் சுப்பராய செட்டியார். திரு.வி.க.வுக்குத் தமிழ் கற்பித்த யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி. நாகர்கோவில் கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றார். இசுலாமியராகிய இப்பாவலர் இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பாவே என்று நிலைநாட்ட மேடை ஏறியவர். சைவராகிய கதிரைவேற்பிள்ளை அதனை மறுத்து வழக்காடியவர். இரண்டு சதாவதானிகள் எதிரெதிர் அணியில் நின்ற அந்த அருட்பாப் போர் தனியே எழுதத் தக்கது. இங்கே அது வேண்டுவதில்லை.

அவதான அரங்கு எவ்வாறு நடைபெறும் என்பதைக் காண்போம். நடுவே அவதானி அமர்வார். சுற்றிலும் வினவுவோர் அமர்வர். ஒருவர் ஈற்றடியைக் கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வார். ஒருவர் பெரியதொரு பெருக்கல் கணக்கைத் தருவார். ஒருவர் ஆண்டும் திங்களும் நாளும் கூறி, அன்று என்ன கிழமை என்பார். ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்துவார். ஒருவர் இலக்கணத்தில் ஐயம் எழுப்புவார். ஒருவர் வேண்டுமென்றே வீண்பேச்சுப் பேசிக் கருத்தைக் கலைக்கப் பார்ப்பார். இவற்றுக்கிடையே, பின்னால் நிற்பவர் ஒருவர் அவ்வப்போது அவதானியின் முதுகில் சிறு கல்லையோ நெல்மணியையோ எறிந்துகொண்டிருப்பார். இன்னொருவர் தாம் நினைத்தபோதெல்லாம் மணியை அடிப்பார். எவ்வெட்டுச் செயல்கள், எப்பத்துச் செயல்கள் என்பது அவதானிக்கு அவதானி மாறும். முடிவில் வெண்பாவை முழுவதும் சொல்லி, கணக்கின் விடை கூறி, முதுகில் விழுந்த கற்கள் இத்தனை, மணியோசை இத்தனை என்று எண்ணிக்கையையும் பிழையின்றி ஒப்புவித்து எழுந்திருப்பார்.

இதில் மூன்று நுட்பங்கள் உள்ளன. அவதானி எட்டையும் ஒரே கணத்தில் செய்வதில்லை என்பது முதலாவது. வினாக்கள் முறையாக ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வெண்பாவின் ஓரடியைச் சொல்லும்போது அவர் மனம் முழுவதும் வெண்பாவிலேயே இருக்கிறது. கணக்குக்கு வந்தால் கணக்கிலேயே இருக்கிறது. இரண்டாவது, விட்ட இடத்தை அவர் மறப்பதில்லை. பாட்டை எந்தச் சீரில் நிறுத்தினாரோ அந்தச் சீரிலிருந்தே தொடங்குவார். உண்மையில் இக்கலையின் உயிர்நிலை இதுவே. எட்டு வேலைகளைத் தொடங்குவது யார்க்கும் எளிது. எட்டிலும் விட்ட இடத்தை வைத்துக்கொண்டிருப்பதே அரிது.

மூன்றாவது நுட்பத்தை நான் மிகவும் வியப்பதுண்டு. மணி அடித்தவுடன் அவதானி திரும்பிப் பார்ப்பதில்லை. யார் அடித்தார், ஏன் அடித்தார் என்று எண்ணுவதில்லை. எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு பாட்டின் அடுத்த சீருக்குப் போய்விடுகிறார். நம் கையில் இருக்கும் கருவியும் நாள் முழுவதும் மணி அடிக்கிறது. நாம் அதனை எண்ணுவதில்லை. அதன் பின்னே எழுந்து போகிறோம்.

கருவியின் மணி

கைப்பேசியை நிந்திப்பது என் கருத்தன்று. கண்ணில் புரைநீக்கம் செய்துகொண்ட பின் சிறிய எழுத்து நூல்களை என்னால் எளிதில் படிக்க இயல்வதில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் பழநூல்களையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள ஏடுகளையும் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகண்டைப் பார்க்க நூலகத்துக்கு நாற்பது கல் பயணம் செய்த எனக்கு இது பெரும்பேறு. ஆனால் நிகண்டைத் தேடி உள்ளே புகுந்தவன் கால் மணி நேரம் கழித்து யாரோ ஒருவர் யானையைக் குளிப்பாட்டும் காணொளியில் நின்றுகொண்டிருப்பது எதனால் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

அதற்குக் கருவியின் அமைப்பே பெரிதும் காரணம். அச்சிட்ட நூலுக்குப் பக்கம் முடியும் இடம் உண்டு; அங்கே கண் ஓய்ந்து, 'போதுமா, மேலும் படிக்கலாமா' என்று மனம் ஒரு கணம் எண்ணும். திரையில் விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டேயிருக்கும் அமைப்பு 2006ஆம் ஆண்டளவில் ஏசா ராசுகின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளரால் உருவாக்கப்பட்டது. அதில் அந்த ஒரு கண ஓய்வு இல்லை. அதனை உருவாக்கியவரே பிற்காலத்தில் வருந்தி, அதற்கு எதிராகப் பேசி வருகிறார். முகநூலில் 'விருப்பம்' தெரிவிக்கும் பொத்தான் 2009இல் வந்தது. நாம் இட்ட செய்திக்கு எத்தனை பேர் விரும்பினர் என்பது ஒருமுறை ஐந்தாகவும் ஒருமுறை ஐம்பதாகவும் ஒருமுறை ஒன்றுமில்லாமலும் இருக்கும். உறுதியாகக் கிடைக்கும் பயனைக் காட்டிலும், கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருக்கும் பயனே உயிர்களை மீண்டும் மீண்டும் இழுக்கும் என்பதைப் புறாக்களைக் கொண்டு சோதித்துக் காட்டினார் இசுகின்னர் என்னும் உளவியல் அறிஞர். அவரும் பெர்சிட்டர் என்பவரும் எழுதிய நூல் 1957இல் வெளிவந்தது. எப்போது தானியம் விழும் என்று தெரியாத புறா, பலகையைக் கொத்திக்கொண்டேயிருந்தது. சூதாட்டக்காரன் எழுந்திருக்க மாட்டாமைக்கும் காரணம் இதுவே. சூதில் நாட்டை இழந்த தருமன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இதன் விளைவை அளந்தவர்களும் உளர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகப் பேராசிரியை குளோரியா மார்க் அலுவலகப் பணியாளர்களை அருகிருந்து கவனித்தவர். 2004ஆம் ஆண்டளவில் ஒருவர் ஒரு திரையைச் சராசரியாக இரண்டரை நிமிடம் நோக்கினார். 2012ஆம் ஆண்டளவில் அது 75 நொடியாயிற்று. பின்னர் வந்த ஆண்டுகளில் 47 நொடியாகக் குறைந்தது என்று 2023இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். இடையில் நின்றுபோன வேலைக்குத் திரும்ப ஏறத்தாழ 23 நிமிடம் ஆகிறது என்பதும், அதற்குள் வேறு இரண்டு வேலைகளில் கை வைத்துவிடுகின்றனர் என்பதும் அவர் முன்னரே கண்டவை. இன்னும் ஒன்று: இடையூறுகளில் பாதிக்கு அருகில் வெளியிலிருந்து வருவன அல்ல; தமக்குத்தாமே ஏற்படுத்திக்கொள்வன. மணி அடிக்காதபோதும், அடித்திருக்குமோ என்று எடுத்துப் பார்க்கிறோம் அல்லவா, அது.

ஒரே நேரத்தில் பல ஊடகங்களைப் பயன்படுத்துவோர் பழக்கத்தால் தேர்ச்சி பெறுவர் என்று எதிர்பார்க்கலாம். 2009இல் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தார் செய்த சோதனையில் மறுதலையான முடிவு கிடைத்தது. அத்தகையோர் வேண்டாதவற்றை விலக்குவதிலும், ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதிலும் மற்றவரினும் பின்தங்கியிருந்தனர். பிற்பட்ட சோதனைகள் சில இம்முடிவை அவ்வளவு அழுத்தமாகக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் பலவற்றைக் கையாண்டு பழகியதால் ஒருவர் அவதானி ஆகிவிட்டார் என்று எந்தச் சோதனையும் மெய்ப்பிக்கவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். கோயில் வாயிலில் பூக்கட்டும் அம்மையார் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே கட்டுகிறார். ஒரு பூவும் நழுவுவதில்லை. அவருக்கு மட்டும் இது எவ்வாறு இயல்கிறது? பூக்கட்டுதல் அவருடைய விரலில் இறங்கிவிட்ட தொழில். மனம் அதற்கு வேண்டுவதில்லை. கச்சேரியில் பாடுபவரின் கை தாளம் போடுவதும் அத்தகையதே. அவதானி கல்லையும் மணியையும் எண்ணும் எண்ணிக்கையை நெடுநாட் பயிற்சியால் தாளம்போல் ஆக்கிக்கொள்கிறார். அதே அம்மையார் புள்ளிக்கோலம் போடும்போது யாரேனும் பேச்சுக் கொடுத்தால், "சற்றுப் பொறு, வரிசை எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்பார். படிப்பதும் செய்தியைப் பார்ப்பதும் இரண்டும் மொழியைப் பற்றியவை. இரண்டுக்கும் மனம் வேண்டும். ஒரு மனம் இரண்டு இடத்தில் இராது.

ஓர் இளைஞரின் வினா

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் வாரம் ஒருமுறை புராண விளக்கம் சொல்லி வருகிறேன். சென்ற ஆண்டு ஓர் இளைஞர் விளக்கம் முடிந்ததும் காத்திருந்து என்னிடம் வந்தார். தந்தையார் ஆட்டோ ஓட்டுபவர். தாயார் தையல் வேலை செய்பவர். அரசுப் பணித் தேர்வுக்கு மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, படிக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் கை தானாகப் போனை எடுத்துவிடுகிறது. எடுத்தது எப்போது என்றே தெரிவதில்லை. எனக்கு மூளையில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. வயது வரம்பு நெருங்குகிறது. அக்காளின் திருமணம் இவருடைய வேலைக்காகத் தள்ளிப்போகிறது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

"கோளாறு ஒன்றும் இல்லை, தம்பி. போனை எங்கே வைத்துப் படிக்கிறீர்?" என்றேன்.

"மேசைமேல்தான், ஐயா. ஒலியை அடக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்."

2017இல் டெக்சாசுப் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை ஒன்றை அவருக்குச் சொன்னேன். கைப்பேசியை மேசைமீது கவிழ்த்து வைத்தோரினும், வேறு அறையில் வைத்தோர் நினைவாற்றல் தேர்வில் நன்றாகச் செய்தனர். கருவி ஒலிக்கவில்லை, ஆயினும் அருகில் இருக்கிறது என்பதே மனத்தின் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டது. இதனையும் சில ஆய்வாளர் ஐயுறுகின்றனர் என்றாலும், செலவில்லாத மருந்து ஆதலின் செய்து பார்ப்பதில் இழப்பில்லை. அவர் வீட்டில் வேறு அறை இல்லை. ஆதலின் படிக்கும் நேரத்தில் தாயாரின் தையல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னேன்.

அடுத்து, திண்ணைப் பள்ளி முறையில் ஒரு பயிற்சி கொடுத்தேன். பழைய ஆசிரியர்கள் மாணாக்கனை முதல் நாளே நெடுநேரம் உட்கார வைப்பதில்லை. மணலில் ஓர் எழுத்து; அது கைவந்தபின் அடுத்த எழுத்து. பாட்டில் இன்று ஓரடி. நாளை அந்த ஓரடியைச் சொன்ன பிறகே இரண்டாமடி. அவருக்கும் முதல் வாரம் பத்து நிமிடமே விதித்தேன். பத்து நிமிடம் படிப்பு. மனம் வெளியே ஓடியதை உணரும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தட்டில் போட வேண்டும். உடனே வரிக்குத் திரும்ப வேண்டும். தன்னை நொந்துகொள்ளக் கூடாது. அவதானி மணியை எண்ணுவது போல ஓட்டத்தை எண்ணுவதே வேலை.

முதல் நாள் பத்து நிமிடத்தில் முப்பத்தொரு கொட்டைகள் என்று சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார். மூன்றாம் வாரம் இருபது நிமிடத்துக்குப் பன்னிரண்டு. பின்னர் இடையில் ஒரு வாரம் வரவே இல்லை. விசாரித்ததில் கிரிக்கெட் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன என்று தெரிந்தது. மறுபடி பத்து நிமிடத்திலிருந்து தொடங்கினோம். நான்கு திங்களில் ஒரே இருக்கையில் ஐம்பது நிமிடம் படிக்கும் அளவுக்கு வந்தார். தேர்வும் எழுதியிருக்கிறார். இதனை எழுதும் நாள்வரை முடிவு வரவில்லை. அக்காளின் திருமணத்தை வேலைக்குக் காத்திராமல் தை மாதத்தில் வைத்துக்கொண்டனர். அது நல்லது என்றே நினைக்கிறேன்.

பயிற்சியில் இன்னொன்றும் சேர்த்திருந்தோம். படிப்பை நிறுத்தி எழும்போது, எங்கே விட்டோம், மீண்டும் உட்கார்ந்தால் முதலில் செய்ய வேண்டியது யாது என்பதை ஒரே வரியில் எழுதி நூலுக்குள் வைத்துவிட வேண்டும். சோபி லெராய் என்னும் ஆராய்ச்சியாளர், ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால் மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று 2009இல் எழுதினார். பின்பு 2018இல், இவ்வாறு விட்ட இடத்தைக் குறித்துவிட்டு எழுந்தால் அந்த ஒட்டு நீங்கி, அடுத்த வேலை செம்மையாக நடக்கிறது என்பதையும் மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து காட்டினார். வீட்டுக் கணக்கு எழுதும் தாய்மார்க்கும் கடையில் பேரேடு எழுதுவோர்க்கும் இது பயன்படும். யாரேனும் கூப்பிட்டால் உடனே எழாமல், "இதோ ஒரு நொடி" என்று சொல்லி ஒரு வரி எழுதிவிட்டு எழுங்கள்.

விட்ட இடத்தைப் பற்றியிருந்து பெரும்பணி முடித்தவருள் உ.வே. சாமிநாதையர் முதன்மையானவர். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் பற்றிக் கேட்டது அவர் வாழ்வைத் திருப்பியது. அதன்பின் கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லும் வேலையை விடாமலே, ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டு, 1887இல் அந்நூலை அச்சேற்றினார். ஏழாண்டுகள்! சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. செல்லரித்த ஏடுகளில் ஒரு சொல்லின் வேறு வேறு வடிவங்களைக் குறித்துவைத்து, திங்கள் பல கழிந்து வேறோர் ஊரில் கிடைத்த ஏட்டோடு அதனைப் பொருத்தியவர் அவர். பகற்பொழுதில் வேலை, பயணம், வீட்டுக் கவலை எல்லாம் அவர்க்கும் இருந்தன. இடையூறு இல்லாத வாழ்வு அவருக்கு வாய்த்தது என்று எவரும் எண்ண வேண்டா.

திருக்கோயிலில் பழகும் ஒருமை

2018 பிப்ரவரியில் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் நேர்ந்த தீ விபத்துக்குப் பின், அவ்வாண்டு மார்ச் முதல் அங்கே பக்தர்கள் கைப்பேசி கொண்டுசெல்லத் தடை வந்தது. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர்த் திருக்கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்க ஆணையிட்டது. கோயிலின் தூய்மையும் அமைதியும் கருதி வந்த ஆணை அது. வாயிலில் கைப்பேசியை ஒப்படைத்துச் சீட்டு வாங்க வரிசையில் நிற்பது சிலர்க்கு எரிச்சலாக இருக்கிறது. முதியோரைப் பிரிந்தால் எவ்வாறு தேடுவது என்னும் கவலை நியாயமானதே; அத்தகையோர் உள்ளே போகுமுன் கொடிமரத்தடியில் சந்திப்பதென்று பேசி வைத்துக்கொள்ளலாம். கைப்பேசி வருமுன் திருவிழாக் கூட்டத்தில் அப்படித்தான் செய்தோம்.

ஆனால் இந்த அரை மணி நேரம் இக்காலத்தில் வேறு எங்கும் கிடைப்பதற்கு அரியது. நந்தியெம்பெருமானைப் பாருங்கள். எத்தனை பேர் குறுக்கே போனாலும் அவர் பார்வை கருவறையை விட்டு விலகுவதில்லை. பிராகாரம் வலம் வருவதையும் பயிற்சி ஆக்கலாம். வலம் வரும்போது தமக்குத் தெரிந்த பாடலை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே, எத்தனையாவது சுற்று என்பதையும் விரல் மடக்காமல் எண்ணி வரட்டும் சிறுவர்கள். ஒன்பது சுற்றில் எண்ணிக்கை எங்கே தவறுகிறது என்று அவர்களே கண்டுகொள்வர். பேரப்பிள்ளைகளுடன் வரும் தாத்தா பாட்டிமார் இதனை விளையாட்டாகத் தொடங்கினால், பிள்ளைகள் இரண்டாம் முறை தாமே கேட்பார்கள். ஓர் எச்சரிக்கை: தாத்தா முதலில் தோற்கக்கூடும்.

கருவறை முன் நிற்கும் அந்தச் சில நொடிகளில் பலர் கண்ணை மூடிக்கொள்கின்றனர். திறந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அலங்காரத்தில் என்ன மாலை, எந்த நிறப் பட்டு, தீபம் எவ்வாறு சுழன்றது என்று கண்டு, வெளியே வந்து அமர்ந்ததும் அதனை மனத்தில் மீண்டும் அமைத்துப் பாருங்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு பார்க்கலாம் என்னும் எண்ணம் வந்ததிலிருந்து நாம் அப்போது பார்ப்பதை விட்டுவிட்டோம்.

மனத்தில் அமைப்பது என்றதும் பூசலார் நாயனார் நினைவுக்கு வருகிறார். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இவர் வரலாற்றைப் பாடியுள்ளார். திருநின்றவூரில் வாழ்ந்த இவர் இறைவனுக்குக் கோயில் எடுக்க விரும்பினார்; பொருள் தேடியும் கிடைக்கவில்லை. ஆதலின் மனத்திலேயே எடுக்கத் துணிந்தார். இக்கதையைச் சொல்லும்போது பலரும் பக்தியை மட்டும் கூறி முடித்துவிடுகின்றனர். நான் மாணாக்கர்க்குச் சொல்லும்போது அவர் வேலை செய்த ஒழுங்கையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

மனக்கோயில்தானே என்று அவர் நேரே கோபுரத்துக்குப் போய்விடவில்லை. நிதியையும் கல்லையும் மரத்தையும் மனத்தால் சேர்த்தார். தச்சரை மனத்தால் அமர்த்தினார். நல்ல நாள் பார்த்துக் கடைக்கால் இட்டார். அடிநிலையிலிருந்து ஒவ்வோர் உறுப்பாக எழுப்பி, சிகரம் வைத்து, சுதை வேலை முடித்து, கிணறும் குளமும் தோண்டி, மதிலும் எடுத்தார். இரவிலும் உறங்காமல் செய்தார் என்கிறது புராணம். நேற்றைய வேலை எந்த வரியில் நின்றதோ அந்த வரியில் இன்று தொடங்கியிருந்தாலன்றி இது கைகூடாது. கண்முன் கல்லில்லை, சுவரில்லை, பார்த்து நினைவுகொள்ள ஒன்றுமில்லை. விட்ட இடம் முழுவதும் அவர் உள்ளத்திலேயே இருந்தது. நூறு வேலைகளை ஒரு நாள் அரங்கில் ஏந்திய சதாவதானிகளையும், ஒரே வேலையை நெடுநாள் ஏந்திய இவரையும் நான் ஒரு வரிசையில் வைத்தே எண்ணுகிறேன்.

குடமுழுக்குக்கு அவர் குறித்த அதே நாளில் காஞ்சியில் தான் எடுத்த கற்கோயிலுக்கும் நாள் குறித்திருந்தான் காடவர்கோனாகிய பல்லவ மன்னன். அக்கோயில் இராசசிம்மன் எடுத்த கயிலாசநாதர் கோயில் என்பர் ஆய்வாளர். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அன்று பூசலின் கோயிலுக்குள் புகுகின்றோம், நீ வேறு நாள் கொள் என்றருளினான். மன்னன் திருநின்றவூருக்கு வந்து, பூசல் எடுத்த கோயில் எங்கே என்று வினவ, ஊரார் அப்படி ஒரு கோயிலே இல்லை என்றனர். பின் அவரையே கண்டு உண்மை தெரிந்து, மன்னன் நிலத்தில் வீழ்ந்து வணங்கினான்.

திருநின்றவூர் சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் திருவள்ளூருக்கு முன்னே உள்ளது. சென்னையிலிருந்து புறநகர் மின்தொடர் வண்டிகள் அங்கே நின்று செல்லும். இறைவன் திருப்பெயர் இருதயாலீசுவரர், அம்மை மரகதாம்பிகை. கருவறைக்குள்ளேயே பூசலார் திருவுருவமும் உண்டு. இதயநோய் உற்றோர் நலம்பெற வேண்டி இங்கு வழிபடுகின்றனர். அதே ஊரில் உள்ள பக்தவத்சலப் பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. ஒரே நாளில் இரண்டையும் வழிபட்டு மீளலாம்.